மூக்கடைப்பை மூச்சுப் பயிற்சியால் தளர்த்துவது எப்படி?

ஓசூரிலும் தளியிலும் மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டால், காலையில் எழும்போதே ஒரு பக்க மூக்கு அடைத்திருப்பதாகச் சொல்லாதவர்கள் குறைவு. தருமபுரிப் பக்கம் கேழ்வரகு அடிக்கும் களத்துத் தூசி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல் அறுக்கும் பட்டறைகளிலிருந்து பறக்கும் துகள், தரிசு நிலமெங்கும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் என்று ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொல்லை தரும் பொருள்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய சில எளிய மூச்சுப் பயிற்சிகளை, இதுவரை செய்து பழகாதவர்களும் பின்பற்றும் வகையில் கீழே படிப்படியாகத் தந்திருக்கிறேன்.

உள்ளே அடைப்பது எது?

மூக்கை அடைப்பது சளி மட்டுமே என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் முகம் சிவக்கச் சிந்துகிறார்கள். மூக்கின் உட்புறப் பக்கச் சுவர்களில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மென்மையான மடல்கள் இருக்கின்றன; அவற்றில் இரத்தம் தேங்கி வீங்கும்போது, சளி சிறிதும் இல்லாவிட்டாலும் வழி குறுகிவிடும். வீங்கியதைச் சிந்தி வெளியேற்ற முடியாது, சுருங்க வைக்கத்தான் முடியும். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதுகூடப் பலருக்கு இந்த மடல்கள் சில மணி நேரத்துக்கு ஒரு முறை இடமும் வலமுமாக மாறி மாறி வீங்கித் தளர்கின்றன. இதை ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-இல் விவரித்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சு மாறி ஓடுவதை நம் சித்தர் மரபு அதற்கு வெகுகாலம் முன்பே பேசியிருக்கிறது. ஆகவே ஒரு பக்கம் சற்றுக் குறைவாக ஓடுவதையெல்லாம் நோய் என்று எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

யார் செய்யக் கூடாது?

கர்ப்பிணிகள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு ஆகியவை உள்ளவர்கள், திடீர்ப் பதற்றத்தால் மூச்சுத் திணறுபவர்கள் ஆகியோர் மூச்சை அடக்கும் மூன்றாம் படியை விட்டுவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே அதைத் தொடங்க வேண்டும்; இன்ஹேலரை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

படி 1: எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று பாருங்கள்

ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் வழவழப்பான பின்புறத்தை மூக்குக்குக் கீழே படுக்கை வாட்டில் பிடித்து, வாயை மூடியபடி இயல்பாக மூச்சை விடுங்கள். தட்டில் இரண்டு ஆவித் திட்டுகள் படியும். எந்தப் பக்கத் திட்டு சிறிதாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் அடைப்பு மிகுதி. தளிக் குளிரில் இது உடனே தெரியும். தருமபுரிக் கோடையில் தட்டைச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் வைத்துத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பயிற்சி முடிந்த பின் மீண்டும் ஒரு முறை பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

படி 2: மூக்கைச் சுத்தம் செய்யுங்கள்

ஒரு பக்க மூக்கை விரலால் மூடிக்கொண்டு மறுபக்கத்தை மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் ஒருசேர அழுத்தி வேகமாகச் சிந்தினால் அழுத்தம் காதுக்குள் ஏறும். சளி கெட்டியாக இருந்தால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவலாம். அந்த நீர் கட்டாயம் கொதிக்க வைத்து ஆற்றியதாக இருக்க வேண்டும். குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே மூக்கில் ஏற்றினால், அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

படி 3: மூச்சை அடக்கித் திறத்தல்

உக்ரைனில் பிறந்த சோவியத் மருத்துவர் கான்ஸ்டன்டின் புட்டேய்கோ 1950-களில் வகுத்த முறையைப் பின்பற்றுவோர் கற்றுத்தரும் பயிற்சி இது. பல நோய்களுக்கும் மிகையாக மூச்சு விடுவதே காரணம் என்ற அவருடைய கொள்கையை முழுவதுமாக ஏற்க வேண்டிய அவசியமில்லை என்பதே என் கருத்து. எனினும் இந்த ஒரு பயிற்சி பெரும்பாலும் கைகொடுக்கிறது.

நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். வாயை மூடி, மூக்கின் வழியாகச் சிறிதளவு மூச்சை இழுத்து, சிறிதளவே வெளியே விடுங்கள். மூச்சை விட்ட பிறகு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் இரு பக்கங்களையும் மென்மையாகப் பிடித்து மூடுங்கள். அந்த நிலையிலேயே தலையை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்துக்கொண்டிருங்கள். சிறிது நேரத்தில் மூச்சுக்கான ஏக்கம் எழும். அது ஓரளவு வலுவானதும் விரலை எடுத்து, மூக்கின் வழியாகவே மூச்சை இழுங்கள்.

இந்த முதல் மூச்சில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆவென்று வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டால் செய்ததன் பயன் பெரும்பாலும் போய்விடும். வாய் திறக்கும் அளவுக்குத் தவிப்பு இருந்தால் அளவுக்கு மீறி அடக்கிவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த முறை முன்னதாகவே விடுங்கள். நொடிகளை எண்ண வேண்டாம், வீட்டில் மற்றவரோடு போட்டி போடவும் வேண்டாம். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அமைதியாக மூச்சு விட்டு ஓய்ந்த பின், இதையே ஐந்து அல்லது ஆறு முறை செய்யுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

மூச்சை அடக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு கூடுகிறது. அதனால் உடல் விழிப்பு நிலைக்குச் செல்ல, மூக்கு மடல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வழி விரிகிறது. மேட்டில் வேகமாக ஏறும்போது மூக்கு தானாகவே திறந்துகொள்வதும் இத்தகைய மாற்றத்தால்தான். ஆனால் இந்தத் திறப்பு நெடுநேரம் நீடிப்பதில்லை. ஆகவே திறந்தவுடன் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடாமல் அடுத்த படிகளைத் தொடர வேண்டும்.

படி 4: ரீங்காரம்

மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, உதடுகளை மூடி, பற்களைக் கடிக்காமல், 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ஒலித்தபடி மூச்சை நீளமாக விடுங்கள். யோகப் பயிற்சியில் பிராமரி என்று கற்றுத்தருவது இதுவே. ஒலி மூக்கின் மேற்புறத்திலும் கன்ன எலும்பிலும் அதிர்வதைக் கைவிரல் வைத்து உணரலாம். முகத்தின் எலும்புக் குழிகளில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, அமைதியாக மூச்சு விடுவதைவிட ரீங்காரமிடும்போது ஏறத்தாழ 15 மடங்கு மிகுதியாக மூக்குக்கு வருவதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தனர். ஐந்து நிமிடம் போதும்.

படி 5: வாயை மூடியபடி நடை

பத்து நிமிடம், மூக்கால் மட்டுமே மூச்சு விட முடிகிற வேகத்தில் நடங்கள். வாய் திறக்கத் தோன்றினால் வேகத்தைக் குறையுங்கள். விடியற்காலை ஷிப்டுக்கு ஓசூர் சிப்காட் பக்கம் வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஹெல்மெட் கண்ணாடி அடிக்கடி ஆவி படிந்து மங்கினால், நீங்கள் வாயால் மூச்சு விடுகிறீர்களா என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள்.

இரவில், அடைத்திருக்கும் பக்கம் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுங்கள். கீழே இருக்கும் மூக்குதான் அதிகம் அடைக்கும். தலையணையைச் சற்று உயர்த்துவதும் உதவும். வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. மூக்கே அடைத்திருக்கும் ஒருவர் அதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் வாங்கும் சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்தையும் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், அதை நிறுத்தும்போதெல்லாம் மூக்கு முன்னிலும் மோசமாக அடைக்கத் தொடங்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைத்தாலோ, மூக்கிலிருந்து இரத்தம் வந்தாலோ, முகவலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொன்னாலோ, பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். சிறு குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி ஒழுகினால், நிலக்கடலைப் பருப்போ மணியோ உள்ளே சிக்கியிருக்கலாம். நீங்களே குச்சியோ ஊக்கோ விட்டு நோண்டாதீர்கள். சிக்கியது பொம்மையின் பட்டன் பேட்டரியாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், சில மணி நேரத்திலேயே அது உள்சதையை அரித்துவிடும் என்பதால், இரவாக இருந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள்.