சிங்கப்பூரில் வேலை: தெரிந்தவர்கள் மூலம் தேடுவது எப்படி?

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) கப்பலேறி, அடுத்தாளாகி (உதவியாளராகி), கடையை நடத்தும் ஏஜெண்டாக உயர்ந்த காலம் போய், இப்போது ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற சிங்கப்பூர் அரசின் வேலை அனுமதிகளின் காலம். அன்றும் இன்றும் சிபாரிசுக்கு மதிப்பு உண்டு. அதைக் கேட்கிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

1. பெயர்ப் பட்டியல்

ஒரு நோட்டில் முப்பது பெயராவது எழுதுங்கள்: யார், அங்கே என்ன வேலை, யார் மூலம் பழக்கம். பங்காளி, மாமன் மச்சானோடு நின்றுவிடாதீர்கள். பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் மூத்தவர், குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு லீவில் வருகிறவர், பழைய சூப்பர்வைசர் ஆகியோரையும் சேருங்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் அமெரிக்காவில் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கத்தின் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினருக்குத்தான் அடிக்கடி பார்க்கிறவர் உதவினார். 55.6 சதவீதத்தினருக்கு உதவியவர் எப்போதாவது பார்க்கிறவர். அத்தானுக்குத் தெரிந்த காலியிடம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். புதுச் செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும். சிங்கப்பூரில் இந்தியர் சுமார் 9 சதவீதம்தான். அதற்குள் நம் ஊர் வட்டம் இன்னும் சிறியது. சொந்தத்தை மட்டும் பிடித்துப் போனால், எலக்ட்ரிக்கல் படித்தவரும் அவர்கள் இருக்கிற சாப்பாட்டுக்கடையிலேயே நிற்க நேரும்.

2. முதல் மெசேஜ்

"ஒரு வேலை வாங்கித் தாங்கண்ணே" என்றால் பெரும்பாலும் பதில் வராது. அவர் கையில் வேலை இல்லை; இல்லை என்று சொல்லவும் சங்கடம். தகவல் கேளுங்கள்:

"அண்ணே வணக்கம். பள்ளத்தூர்லேருந்து எழுதுறேன், உங்க தம்பியோட பாலிடெக்னிக்ல படிச்சவன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, மூணு வருஷம் பேனல் வயரிங் அனுபவம். உங்க லைன்ல என்ன டெஸ்ட் கேக்குறாங்க, ஆரம்பச் சம்பளம் என்னன்னு தெரிஞ்சுக்கணும். ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பேசலாமாண்ணே?"

நம் இரவு எட்டு மணி அங்கே பத்தரை. பார்த்துக் கூப்பிடுங்கள். பேச்சை முடிக்கும்போது, "இதைப் பத்தி வேற யார்கிட்ட கேட்டா நல்லது?" என்று கேட்க மறக்காதீர்கள். அடுத்த வட்டத்துக்கு வழி அதுதான்.

3. சிபாரிசு

அவரே முன்வந்தால் ஒரே பக்க பயோடேட்டாவை பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அனுபவத்தைக் கூட்டி எழுதினால் கெடுவது அவர் பெயர். இன்டர்வியூ முடிந்த அன்றே, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

4. பணம்

சிக்கல் இங்கேதான். வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். அங்குள்ள ஏஜென்சி வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், உச்சம் இரண்டு மாதம். இங்கே பதிவு பெற்ற ஏஜெண்டுக்கு உச்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிவு உண்டா என்பதை இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பாருங்கள். "நம்ம ஆளுதானே" என்று ரசீதில்லாமல் பணம் கேட்பவர் பெரும்பாலும் பதிவில்லாத இடைத்தரகர்.

ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்குச் சிங்கப்பூர் தரும் முன் ஒப்புதல்) வரும்வரை நகையை அடகு வைக்காதீர்கள். வந்ததும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தில் அது உண்மைதானா என்று சரிபாருங்கள். பிறகு அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூன்றையும் வரிவரியாகப் படியுங்கள். ஒர்க் பெர்மிட் என்றால் அந்தக் கடிதத்தைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். வாயால் சொன்ன தொகை அதிகமாக இருந்தால், ஓவர்டைமையும் சேர்த்துச் சொன்னாரா என்று அந்த அண்ணனிடமே கேளுங்கள்.