கிரீமி சிக்கன் பாஸ்தா: சாஸ் ஏன் திரிகிறது, சிக்கன் ஏன் நாராகிறது?

வேலை முடிந்து ஏழரைக்கு வீடு வந்து, எட்டேகாலுக்குள் எல்லோரையும் சாப்பிட உட்கார வைக்க வேண்டும் என்றால் கிரீமி சிக்கன் பாஸ்தா நல்ல வழிதான். குழம்பு, பொரியல், சோறு என்று மூன்று பாத்திரங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் அதே அவசரத்தில்தான் இது கெட்டும் போகிறது. சாஸ் திரிந்து எண்ணெய் மிதக்கிறது, சிக்கன் நார்நாராகிறது, பாஸ்தா களியாகிறது. உடனே சீஸ் சரியில்லை, கிரீம் சரியில்லை என்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி அடுப்பின் தீதான்.

முதல் தவறு, கொதித்துக்கொண்டிருக்கும் சாஸில் சீஸைக் கொட்டுவது. சீஸுக்குள் புரதமும் கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. இதமான சூட்டில் அவை சேர்ந்தே இளகும். சூடு கூடினால் புரதம் சுருங்கி இறுகும், கொழுப்பு வெளியே வந்துவிடும். மணல் போல நாக்கில் உறுத்துவதும் மேலே எண்ணெய் நிற்பதும் இதனால்தான். அடுப்பை அணையுங்கள். கொதி அடங்க ஒரு நிமிடம் விடுங்கள். அப்புறம் சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். சட்டியில் இருக்கும் சூடே போதும்.

எந்த சீஸ் என்பதும் முக்கியம். பீட்சா பழக்கத்தில் பலரும் மொசரெல்லாவை அள்ளிப் போடுகிறார்கள். அது நூல் நூலாக இழுபடும், சாஸோடு கரையாது. அதிகம் முதிராத செடார் நன்றாகக் கரையும். மணத்துக்குக் கொஞ்சம் பார்மேசன் இருந்தால் போதும், அதையும் பொடியாகத் துருவ வேண்டும். பாக்கெட்டில் துருவியே விற்கும் சீஸில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், அதனால் சாஸ் வழவழப்பாக வராமல் போகலாம். கட்டியாக வாங்கி நீங்களே துருவ இரண்டு நிமிடம்தான் ஆகும்.

பிராசஸ்டு சீஸ் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. வார நாள் இரவில் நான் அதன் கட்சி. அதில் சேர்க்கப்படும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். செடாரோடு ஒரு கியூப் பிராசஸ்டு சீஸைப் போட்டால் சாஸ் அவ்வளவு எளிதில் திரியாது. லேசாகத் திரியத் தொடங்கிய சாஸையும் அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு கரண்டி பாஸ்தா வேகவைத்த நீர் விட்டு வேகமாக அடித்தால் பல நேரம் மீட்டுவிடலாம். கட்டி கட்டியாக இறுகிவிட்டதென்றால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது கிரீம். கேக் அலங்காரத்துக்கான விப்பிங் கிரீமைத் தெரியாமல் எடுத்து வந்துவிடுகிறார்கள். அவற்றில் பல பாலில் செய்தவையே அல்ல, தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் கலந்தவை. பாஸ்தா பாயசமாகிவிடும். பின்பக்கம் இருக்கும் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீம் இதற்குப் போதும், ஆனால் அதைத் தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. தக்காளியோ எலுமிச்சையோ சேர்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, புளிப்பும் சூடும் சேர்ந்தால் கிரீம் திரியும். தக்காளியை முதலில் நன்றாக வதக்கிச் சுண்டவிட்டு, தீயைக் குறைத்த பிறகுதான் கிரீம். எலுமிச்சை பரிமாறும்போது சில சொட்டு.

கிரீம் இல்லாத நாளில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், அதே அளவு மைதா, ஒரு கப் பால் போதும். மைதாவின் பச்சை வாசனை போக வதக்காமல் பாலை ஊற்றுவதும், மொத்தப் பாலையும் ஒரே தடவையில் ஊற்றுவதும்தான் இங்கே நடக்கும் தவறுகள். கிரீம் இல்லாமல் இது உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் அல்ஃபிரெடோ டி லெலியோ பரிமாறிப் புகழ்பெற்ற பாஸ்தாவில் வெண்ணெயும் பார்மேசனும்தான் இருந்தன. கிரீமும் சிக்கனும் அமெரிக்காவில் போய்ச் சேர்ந்தவை.

பாஸ்தா வேகும் நீரில் எண்ணெய் விடாதீர்கள். அது மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படியும், பிறகு சாஸ் வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டாமலிருக்க முதல் இரண்டு நிமிடம் கிளறினாலே போதும். வடித்ததும் குளிர்ந்த நீரில் அலசுவதும் வேண்டாம், சாஸைப் பிடித்து வைக்கும் ஸ்டார்ச் அதோடு போய்விடும். வடிக்கும் முன் ஒரு கப் நீரை எடுத்து வையுங்கள், இதை மறந்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் நீர் என்பது இத்தாலியக் கணக்கு. 250 கிராம் பென்னே என்ற குழல் வடிவ பாஸ்தாவை நான் ஒன்றரை லிட்டரிலேயே வேகவைப்பேன், நீரில் ஸ்டார்ச் கூடுதலாக இறங்கும். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று இருந்தால் 9இல் எடுத்துவிடுங்கள், மீதி சாஸில் வேகட்டும். டூரம் என்ற கடின வகைக் கோதுமையின் ரவையில் செய்ததா என்று பார்த்து வாங்கினால் குழைவது குறையும்.

சிக்கன் விஷயத்தில் கைப்பழக்கம்தான் எதிரி. குழம்புக்குப் போடுவது போல சாஸிலேயே போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் நெஞ்சுக்கறி நாராகாமல் என்ன செய்யும்? எலும்பில்லாத தொடைக்கறி வாங்குங்கள், நேரம் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். நெஞ்சுக்கறிதான் இருக்கிறது என்றால் மெல்லிய துண்டுகளாக்குங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஈரமாகப் போட்டால் வறுபடாமல் அவியும். சட்டியை நிரப்பினாலும் அதேதான், இரண்டு ஈடாக வறுக்கலாம். உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதே சட்டியில் சாஸைத் தொடங்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பில்தான் ருசி இருக்கிறது, கழுவிவிடாதீர்கள். சிக்கன் கடைசியில் திரும்பி வரட்டும். பூண்டை வெண்ணெயில் அரை நிமிடம் வதக்கினால் போதும், கருகினால் சாஸ் முழுக்கக் கசக்கும். இஞ்சி பூண்டு விழுது போடாமலிருப்பது நல்லது, கிரீமுக்குள் அதன் பச்சை வாசனை அடங்குவதில்லை.

உப்பைக் கடைசியில் பாருங்கள், சீஸிலும் பாஸ்தா நீரிலும் ஏற்கெனவே இருக்கிறது. சாஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள், தட்டுக்கு வருவதற்குள் கெட்டியாகும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் இரண்டு மூன்று கரண்டி பால் விட்டுச் சிறுதீயில் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் முழு சூட்டில் வைத்தால் சாஸ் பிரிந்துவிடும்.