மில்க்வீட் விதைக்குப் பால் கேனும் பனியும் போதும்

அமெரிக்காவின் இல்லினாய், அயோவா பக்கம் வீட்டுத் தோட்டத்தில் மில்க்வீட் என்ற புல்வெளிச் செடியை வளர்க்க நினைப்பவர்கள் நாற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். காலியான ஒரு கேலன் பிளாஸ்டிக் பால் கேனைக் குறுக்கே வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, நாலு விரல் உயரம் ஈரமண் நிரப்பி, டிசம்பரிலேயே விதையைத் தூவி மெல்லிசாக மண் மூடுங்கள். மேல்பாதியை டேப்பால் ஒட்டிவிட்டு, மூடியைத் திறந்தபடியே பனியில் வெளியே வைத்துவிடுங்கள்.

அந்தப் புல்வெளிச் செடியின் விதை குளிரும் ஈரமும் சேர்ந்து சில வாரம் பட்டால்தான் உறக்கம் கலைந்து நன்றாக முளைக்கும். திறந்த வாய் வழியே பனியும் மழையும் இறங்குவதால் தண்ணீர் ஊற்றும் வேலையும் பெரும்பாலும் மிச்சம். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு இந்த இனத்து இலையைத்தான் தின்னும். பூவில் தேனீ, வண்டு எல்லாமே மொய்க்கும். (நம்ம எருக்குக்கு உறவுதான். காம்பைக் கிள்ளினால் அதே பால், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஏப்ரல் வந்துவிட்டதா? இது உதவாது. ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வைத்து எடுத்து விதைக்கலாம். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல வகைக்குக் குளிரே தேவையில்லை. இந்தக் கோடையிலேயே பூ வேண்டும் என்றால் நாற்றுதான் வாங்க வேண்டும், ஏனென்றால் புல்வெளி வகையின் விதைச்செடி முதல் வருஷம் பெரும்பாலும் பூக்காது. வாங்கும்போது பூச்சிமருந்து போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.