பட்டியல் எழுதப்படுவதற்கு முன்பே: ஊராட்சித் திட்டத்தில் ஊர் மக்களைச் சேர்ப்பது எப்படி?

கிராம சபை கூடும் நாளில், செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல் பெரும்பாலான ஊர்களில் முன்பே தட்டச்சு செய்யப்பட்டு மேசையில் தயாராக இருக்கும். அதை ஒருவர் வேகமாக வாசிப்பார். தீர்மானப் புத்தகம் கைமாறிக் கைமாறி வரும். வந்தவர்கள் கையொப்பமிட்டுவிட்டுக் கலைவார்கள். பதிவேட்டில் இதன் பெயர் மக்கள் பங்கேற்பு என்றாலும், முடிவான ஒன்றுக்குச் சாட்சிகளைச் சேர்க்கும் வேலைதான் அங்கே நடக்கிறது. பட்டியலில் முதல் வரி எழுதப்படுவதற்கு முன்பே மக்கள் உள்ளே வந்திருக்க வேண்டும். அதற்காகச் சபை நாளுக்கு முந்தைய ஆறேழு வாரங்களில் என்ன செய்யலாம் என்பதை, ஊராட்சி உறுப்பினர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் ஊர் இளைஞர்களுக்கும் பயன்படும் விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நமக்குள்ள உரிமை என்ன என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பொருளாதார மேம்பாட்டுக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் பொறுப்பை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வழிசெய்தது. அதன் 11ஆம் அட்டவணையில் வேளாண்மை, சிறுபாசனம், குடிநீர் முதலாக 29 துறைகள் உள்ளன. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். எவரும் அவரை அழைக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்றிருந்த சபை நாட்களுடன் 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. குறைவெண் வரம்பும் உண்டு: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இந்த எண்ணிக்கையை எட்டிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பல ஊர்களில் பங்கேற்பைக் கெடுக்கிறது.

அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் பேச்சு அக்டோபர் 2ஐ ஒட்டித் தொடங்குவதால், ஊர் வேலையை ஆகஸ்டு நடுவிலேயே தொடங்கிவிட வேண்டும். எட்டு அல்லது பத்துப் பேர் கொண்ட ஒரு குழு முதலில் அமையட்டும். அதில் வார்டு உறுப்பினர்களும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களும் இருப்பது இயல்பு. ஆனால் ஊரின் நாடி தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். எந்தத் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை என்பது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவருக்குத் தெரியும். எந்த வீட்டுக் குழந்தைக்கு எடை குறைந்திருக்கிறது என்பது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். எந்த மதகு ஒழுகுகிறது, வரத்துக் கால்வாய் எந்த இடத்தில் தூர்ந்துகிடக்கிறது என்பதை, ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சியைப் போலச் சொல்லக்கூடியவர் வேறு எவருமில்லை. இவர்களைத் தகவல் சொல்பவர்களாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் குழுவின் உறுப்பினர்களாகவே சேர்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் போய் அங்கேயே உட்கார வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வரமாட்டார்கள். வந்தால் அன்றைய கூலி போகும். அவர்கள் வேலை முடித்து, சமைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகு, இரவு ஏழரை மணிக்கு மேல் தெருவிளக்கின் கீழே கூடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அங்கே தாளும் பேனாவும் வேண்டாம். கோலமாவையும் செங்கல் பொடியையும் கொண்டு, தரையில் ஊரின் வரைபடத்தை அவர்களையே வரையச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூடத் தரையில் வரைந்ததைத் தயங்காமல் அழித்துத் திருத்துவார். தாளில் எழுதியதைத் தொட அவருக்குக் கூச்சம் வரும். முதலில் தெருக்கள், அடுத்து குழாய், விளக்கு, கழிவுநீர் தேங்கும் இடம், பிறகு தனியாக வாழும் முதியோர் வீடுகளும் மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளும் என்று அடுக்கடுக்காக அது வளரட்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே வரைவது நல்லது. ஆண்கள் வரைந்த படத்தில் பெரும்பாலும் சாலையும் பேருந்து நிறுத்தமும் பெரிதாக இருக்கும். பெண்கள் வரைந்ததில் தண்ணீர் எடுக்கும் தூரமும் இருட்டான பாதையும் முன்னால் வந்து நிற்கும். முடிந்ததும் படத்தை ஒருவர் தாளில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

வரைபடம் ஊரின் இடத்தைக் காட்டுமென்றால், பொருளாதாரத் திட்டத்துக்கான செய்தி பருவகால நாட்காட்டியில்தான் கிடைக்கும். பல ஊர்கள் அவசரப்பட்டு விட்டுவிடுகிற படி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்களைத் தரையில் கீறி, எந்த மாதத்தில் வேலை கிடைக்கிறது, எந்த மாதத்தில் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள், எப்போது தீவனம் தட்டுப்படுகிறது, யார் எப்போது வெளியூருக்குப் பிழைக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் புளியங்கொட்டைகளை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். வேலையில்லாத மாதமும் ஏரி வற்றிக் கிடக்கும் மாதமும் ஒன்றாக வந்தால், தூர்வாரும் பணியை அந்த மாதத்துக்கே திட்டமிடலாம். ஆனி, ஆடியில் பள்ளிச் செலவுக்காகப் பத்து வீடுகள் கந்துவட்டிக்குப் போகின்றன என்று தெரிந்தால், மகளிர் கூட்டமைப்பின் கடன் அந்த மாதத்துக்கு முன்பே கைக்குக் கிடைக்கும்படி கேட்கலாம். தேங்காயோ மஞ்சளோ விளைந்தவுடனேயே குறைந்த விலைக்குப் போகிறதென்றால், ஓர் உலர்களமும் இருப்பு வைக்க ஓர் இடமும் ஒரு புதிய நுழைவு வளைவைவிட அந்த ஊருக்கு மிக முக்கியமானவை. சாலையும் கட்டடமும் மட்டுமே கொண்ட திட்டம், மக்களின் வருமானத்தைப் பற்றி எவரும் கேட்காததன் விளைவு.

கூடும் இடத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் சிலர் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். ஆகவே பள்ளி வளாகம் போன்ற பொது இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு உட்பட எல்லாக் குக்கிராமங்களிலும் சுழற்சி முறையில் கூட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்த முறையில் வரி செலுத்தும் நிலமுடையவர்களே வாரியம் எனப்பட்ட ஊர் நிர்வாகக் குழுவுக்குத் தகுதி பெற்றார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அன்று வெளியே நின்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஓரத்தில் நிற்கும் நிலை இருக்கக் கூடாது.

கணக்கைத் திறந்து காட்டாமல் திட்டம் பேசுவதில் பயனில்லை. எவ்வளவு பணம் வருகிறது, அதில் எவ்வளவு தொகையை நம் விருப்பப்படி செலவிடலாம் என்று தெரியாத மக்கள் கோரிக்கைகளை அடுக்குவார்களே தவிர, திட்டமிட முடியாது. எடுத்துக்காட்டாக, உள்ளாட்சிகளுக்கான மத்திய நிதியைப் பரிந்துரைத்த 15ஆவது நிதிக்குழுவின் 2021–26 கால மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது; எஞ்சிய 40 விழுக்காட்டில்தான் ஊருக்குச் சுதந்திரம் இருந்தது. அடுத்த காலத்துக்கான விதிகளை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு, வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், மின்கட்டணச் செலவு ஆகியவற்றோடு சேர்த்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.

கணக்கைக் கூர்ந்து பார்ப்பதால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள ஓடந்துறை ஊராட்சி நல்ல சான்று. தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றுவதற்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயைத் தின்பதைக் கண்டு, தலைவர் ஆர். சண்முகத்தின் காலத்தில், சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் செலவில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அந்த ஊராட்சி 2006இல் நிறுவியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. எல்லா ஊரும் காற்றாலை வைக்க முடியாது; ஆனால் தன் பெரிய செலவு எது என்று எல்லா ஊரும் கேட்கலாம்.

எல்லாக் குக்கிராமங்களின் தேவைகளும் திரண்ட பிறகு முன்னுரிமை தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் ஒரு கிண்ணம் வைத்து, உத்தேசச் செலவை அதன்முன் எழுதி, ஆளுக்கு ஐந்து விதைகள் கொடுத்துப் போடச் சொல்லலாம். பெண்களுக்குப் புளியங்கொட்டையும் ஆண்களுக்கு வேப்பங்கொட்டையும் கொடுத்தால், யாருக்கு எது வேண்டும் என்ற வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதில் ஓர் ஆபத்து உண்டு. இருபது வீடுகள் மட்டுமே உள்ள குக்கிராமம் எந்த வாக்கெடுப்பிலும் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே மிகப் பின்தங்கிய குடியிருப்புகளுக்கென ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதிக்குத்தான் விதை போட வேண்டும். 1996இல் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு அளித்து மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிய கேரளம், பெரிய சபையைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவைத்தது. ஒலிபெருக்கி முன்னால் வாய் திறக்காதவர்கள் பதினைந்து பேர் வட்டத்தில் நன்றாகவே பேசுவார்கள் என்பதால், அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

சபை நாளில் கவனிக்க வேண்டியது எழுத்து. ‘சாலை வசதி செய்ய வேண்டும்’ என்ற தீர்மானத்தால் எவரையும் கேள்வி கேட்க முடியாது. எந்தத் தெரு, எங்கிருந்து எங்குவரை, எத்தனை மீட்டர், எந்த நிதியில் என்று எழுத வேண்டும். எழுதியதை உரக்க வாசித்த பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். தீர்மானத்தின் நகல் மறுக்கப்பட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

சேர்க்கப்படாத பணிகளையும் மறைக்க வேண்டாம். எது ஏன் விடுபட்டது என்று அந்தந்தக் குக்கிராமத்துக்குப் போய் நேரில் சொன்னால்தான், மறுமுறை கோலமாவோடு போகும்போது அவர்கள் வந்து உட்காருவார்கள். பணி தொடங்கியதும், அந்தத் தெருக்காரர்களிலேயே நான்கைந்து பேரை, அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கும்படி, மேற்பார்வைக்கு வைக்க வேண்டும். மதிப்பீட்டின் நகலும் சிமெண்டு, கம்பி அளவுகளும் அவர்கள் கையில் இருக்கட்டும். அடுத்த சபையின் பொருள்நிரலில், சென்ற திட்டத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை, எவ்வளவு செலவானது என்பதை அந்த நான்கைந்து பேரே எழுந்து வாசிப்பதை முதல் பொருளாக வைக்க வேண்டும்.