ரோபோ சிறுநீரகக் கட்டி அறுவை: எந்த வழி என்று ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் ரோபோ மூலம் வெட்டியெடுக்க இரண்டு வழிகள் உண்டு. வயிற்று உறையைத் திறந்து முன்புறமாகப் போகலாம். உறையைத் தொடாமல் விலாவின் பின்புறமாகவும் போகலாம். "பொதுவாக எது சிறந்தது?" என்று கேட்பதில்தான் முதல் தவறு. கட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதிலே கிடையாது.

கட்டியின் சிக்கலை அளக்கும் ரீனல் ஸ்கோர் 4 முதல் 12 வரை போகும். 7 முதல் 9 நடுத்தரம், 10 முதல் கடினம். ஆனால் கட்டி முன்புறமா பின்புறமா என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ' (முன்புறம்), 'பி' (பின்புறம்) அல்லது 'எக்ஸ்' (இரண்டிலும் சேராதது) என்ற எழுத்து மட்டுமே வரும். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டால், வழியைத் தீர்மானிக்க வேண்டிய தகவலே கைநழுவிவிடும். பின்புறக் கட்டிக்கு முன்வழியில் போனால் குடலை விலக்கி, சிறுநீரகத்தைச் சுற்றிலும் விடுவித்துப் புரட்ட வேண்டியிருக்கும். பின்வழியிலோ சிறுநீரகத் தமனி நேராகவே கைக்கு வரும்.

அதற்காகப் பின்வழியைச் சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. பலூனை ஊதி உண்டாக்கும் இடம் குறுகியது. கருவிகளை நுழைக்கும் துளைகளான போர்ட்டுகள் நெருங்கினால் ரோபோ கைகள் மோதும். வயிற்று உறை கிழிந்தால் வாயு உள்ளே கசிந்து, இருக்கிற இடமும் சுருங்கும். இதைவிட ஆபத்து திசை தவறுவது: முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையைத் திரையில் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளாவிட்டால், வலப்பக்கத்தில் பெருஞ்சிரையையே சிறுநீரகச் சிரை என்று நினைத்துவிடும் அபாயம் உண்டு.

வயிற்றில் பழைய அறுவை இருந்தால் பின்வழி பெரும்பாலும் உதவும். அதே சிறுநீரகத்தில் முன்பே அறுவை நடந்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. சிறுநீரகத்தோடு ஒட்டிக்கொண்ட கொழுப்போ இரு வழியிலும் தொல்லைதான்; சிடி ஸ்கேனில் கொழுப்புக்குள் கோடுகள் தெரிந்தால் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். பின்வழியில் நேரமும் மருத்துவமனை நாட்களும் குறைவு என்றால், இரு குழுவிலும் கட்டியின் அளவும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். கட்டியை வெட்டுவதற்காகச் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் நிறுத்திய நேரத்தை மொத்த அறுவை நேரத்தோடு குழப்பக் கூடாது. முன்னதற்கு 25 நிமிடத்துக்குள் என்பதே வழக்கமான இலக்கு. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் மாறவில்லை என்பதும் முழுச் சான்றல்ல, மற்றச் சிறுநீரகம் ஈடுகட்டிவிடும். ஒவ்வொரு சிறுநீரகத்தின் செயல்பாட்டையும் ஐசோடோப் ஸ்கேன்தான் தனித்தனியே காட்டும்.