கையெழுத்து முதலில், படிப்பு இரவில்: செமஸ்டரின் கடைசி நான்கு வாரங்கள்

சென்னைப் பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரியில், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கான குறிப்பு இது. அதுவும் ஆட் செமஸ்டருக்கு, அதாவது நவம்பர், டிசம்பரில் அடைமழைக்கு நடுவே முடிகிற செமஸ்டருக்கு. மாடல் எக்ஸாம், ரெக்கார்டு (லேபில் செய்த எக்ஸ்பெரிமென்ட்களை எழுதி வைக்கும் நோட்டு), பிராக்டிகல், மினி புராஜெக்ட், நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் படிவம்), செமஸ்டர் தேர்வு, ஊருக்கு டிக்கெட் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்.

வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்களே உட்கார்ந்து முடிக்கக்கூடியவை ஒரு பக்கம். இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டியவை, இன்னொருவர் கதவைத் திறந்துவிட வேண்டியவை மறுபக்கம். பகல் முழுவதும் இரண்டாவது வகைக்கே. படிப்பை இரவு 11 மணிக்கும் தொடரலாம். லேப் மேடம் நாலரை மணி காலேஜ் பஸ்ஸில் ஏறிவிட்டால் அன்றைய கையெழுத்து போனதுதான். பெரும்பாலான மாணவர்கள் பகலில் படிக்க உட்கார்ந்துவிட்டு, கடைசி இரண்டு நாளில் ஐந்து அறை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். சிக்கலெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இரண்டு கணக்கு

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற காரணங்களோடுதான் விலக்குக் கேட்க முடியும். எத்தனை வகுப்பு உட்கார்ந்தால் சரியாகும் என்பதற்கு எளிய வழி: இதுவரை நடந்த வகுப்புகளை 3-ஆல் பெருக்குங்கள், நீங்கள் வந்த வகுப்புகளை 4-ஆல் பெருக்குங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 320 வகுப்பில் 230-க்கு வந்திருந்தால் 960 கழித்தல் 920, அதாவது 40 வகுப்பு இடைவிடாமல் வர வேண்டும். நாளுக்கு 7 பீரியட் என்றால் கிட்டத்தட்ட 6 நாள். இதை நான்கு வாரம் முன்பே போட்டுப் பார்த்தால் சரிசெய்துவிடலாம். கடைசி வாரத்தில் போட்டுப் பார்த்தால் 40 வகுப்பு மிச்சமே இருக்காது. காய்ச்சலில் படுத்திருந்தால், எழுந்த அன்றே சான்றைத் துறையில் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண். 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வுத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60-ஆகக் குறைக்கப்படும். தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வுத்தாளில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னல் 23 இருந்தால் தாளில் 45 எடுத்தாலே போதும். 20 இருந்தால் 50 எடுக்க வேண்டும். 14 என்றால் 60, 11 என்றால் 65. இன்டர்னல் 35 இருந்தாலும் அந்த 45 குறையாது, "இன்டர்னல் நிறைய இருக்கு, பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் அரியர் வைப்பது, அதாவது தேறாமல் மறுபடி எழுத வேண்டி வருவது, இதனால்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டுங்கள். பிடித்த பாடத்துக்கே நேரம் முழுக்கப் போய்விடாமல் இருக்க அது உதவும்.

ரெக்கார்டு

நான்கு வாரத்தில் அதிகக் கை வலியும் அதிக அலைச்சலும் இதில்தான். ஒரு லேபுக்கு 10 முதல் 12 எக்ஸ்பெரிமென்ட். ஒன்றை எழுத, படம், டேபிள், கிராப் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 12 எக்ஸ்பெரிமென்ட் என்றால் 18 மணி நேரம். இரண்டு லேப் இருந்தால் 36. ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடிக்கிற கதை இல்லை. நாளுக்கு இரண்டு என்று பிரித்து எழுதி, ஒவ்வொரு லேப் வகுப்பிலும் நான்கைந்தாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அறுபது ரெக்கார்டு மொத்தமாக மேசையில் குவிந்த நாளில் உங்களுடையது அடியில் மாட்டினால், பிழை கண்டு திருப்பிக் கொடுக்கக்கூட ஆசிரியருக்கு நேரம் இருக்காது. அந்தப் பிழை பிராக்டிகல் அன்று வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் கண்ணில்தான் படும்.

கோடு போட்ட வலது பக்கத்தில் எய்ம், தேவையான பொருட்கள், புரொசீஜர், ரிசல்ட், பேனாவில். கோடு இல்லாத இடது பக்கத்தில் படம், டேபிள், மாடல் கால்குலேஷன், பென்சிலில். தேதி விஷயத்தில் கவனமாக இருங்கள். லேபில் ரீடிங் குறித்துக்கொள்ளும் அப்சர்வேஷன் நோட்டில் உள்ள தேதியே ரெக்கார்டிலும் இன்டெக்ஸிலும் வர வேண்டும். மனம்போன போக்கில் போட்ட தேதி ஞாயிற்றுக்கிழமையாகவோ, மழைக்கு லீவு விட்ட நாளாகவோ அமைந்துவிட்டால் அந்த எக்ஸ்பெரிமென்டே செய்யவில்லை என்றாகிவிடும். பக்க எண்களைக் கடைசியில் போடுங்கள், இன்டெக்ஸை அதற்குப் பிறகு நிரப்புங்கள். முன்பக்கத்து போனபைடு சான்றிதழில் பதிவு எண்ணை ஹால் டிக்கெட்டைப் பார்த்தே எழுதுங்கள். அங்கே அடித்துத் திருத்தினால் துறைத் தலைவர் கையெழுத்துப் போட மாட்டார்.

புரோகிராமிங் லேபில் அவுட்புட்டை பிரின்ட் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். கறுப்புப் பின்னணியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஜெராக்ஸ் கடையில் மொத்தக் கறுப்புக் கட்டமாக வரும், எழுத்தே தெரியாது. டெர்மினலை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிவிட்டுப் படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்து மங்கிவிடும். எல்லாப் படங்களையும் ஒரே பிடிஎப் கோப்பில் சேர்த்து டாகுமென்டாக அனுப்புங்கள். வேர்டு கோப்பு கடைக் கணினியில் திறக்கும்போது எழுத்துருவும் பக்க அமைப்பும் கலையலாம், பிடிஎப்பில் அந்தத் தொல்லை இல்லை. பிரின்டைப் பக்க அளவை விட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் குறைத்து வெட்டி, குளூ ஸ்டிக்கால் ஒட்டுங்கள். தண்ணிப் பசை மழைக்காலத்தில் காய நாளாகும், தாள் சுருங்கும், பின்பக்கத்து இங்க் ஊறிப் பரவும்.

நண்பனின் ரீடிங்கைப் பார்த்து எழுதியிருந்தால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டுவது நிச்சயம். "இந்த மதிப்பு ஏன் தியரி மதிப்பை விடக் குறைவு?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டுக்கும் எய்ம், முக்கிய ஃபார்முலா, ரிசல்ட் அப்படி வந்த காரணம் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லேப் பாடத்தில் 60 மதிப்பெண் இன்டர்னலிலேயே இருக்கிறது, அதனால் ரெக்கார்டுக்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

மினி புராஜெக்ட் ரிப்போர்ட்டை கைடு பார்த்துத் திருத்திய பிறகே ஸ்பைரல் போடக் கொடுங்கள். பைண்டிங் முடிந்தபின் ஒரு பக்கம் மாற்றச் சொன்னால் மறுபடி செலவு.

தேர்வும் இடைவெளி நாட்களும்

வினாத்தாள் அமைப்பு தெரிந்ததுதான்: பார்ட் ஏ-யில் 10 இரண்டு மார்க், பார்ட் பி-யில் 5 பதிமூன்று மார்க், பார்ட் சி-யில் ஒரு பதினைந்து மார்க். ஐந்து யூனிட்டில் ஒன்றை விட்டுவிட்டால் பார்ட் ஏ-யில் 4-ம் பார்ட் பி-யில் 13-ம் சேர்த்து 17 போகும், மிச்சம் 83; பார்ட் சி-யும் அந்த யூனிட்டில் வந்தால் 68. இன்டர்னல் நன்றாக இருக்கும் பாடத்தில், நேரம் போதாதபோது இது தாங்கும். இரண்டு யூனிட்டை விட்டால் 66-தான் கைக்கு எட்டும், பார்ட் சி அந்த யூனிட்டில் வந்தால் 51. அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

படிக்கத் தொடங்கும்போது முதலில் எடுக்க வேண்டியது மாடல் எக்ஸாம் விடைத்தாள். எங்கே மதிப்பெண் போனது என்று சிவப்பு மையில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு பழைய வினாத்தாள்கள். ஒரே ரெகுலேஷன்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய ரெகுலேஷனில் பாடத்திட்டம் மாறியிருக்கும்.

ஹாலில் 180 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: பார்ட் ஏ-க்கு 30, ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 22, பார்ட் சி-க்கு 25. கூட்டினால் 165. மிச்சம் 15 நிமிடம் வினா எண்களைச் சரிபார்க்க. நன்றாகத் தெரிந்த விடைக்கு 40 நிமிடம் எழுதிவிட்டு, கடைசி 13 மார்க்கைத் தொடாமல் வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வினா எண்ணைத் தாளில் உள்ளபடியே உட்பிரிவோடு எழுதுங்கள்.

டேட்டா புக் தேவைப்படும் தேர்வு என்றால், உதாரணமாக மெஷின் டிசைனுக்கு பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக், முந்தைய நாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். சீனியரிடம் வாங்கியதில் பென்சிலில் ஒரு ஃபார்முலா இருந்தாலும் மால்பிராக்டிஸ் ஆகிவிடும், எழுதியது யார் என்று அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டர் கூடாது. ஹால் டிக்கெட்டை இரண்டு பிரின்ட் எடுத்து, ஒன்றை அறையிலும் ஒன்றை நண்பரிடமும் வையுங்கள்.

ஊருக்கு டிக்கெட்

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்பாகத்தான் திறக்கிறது, அதற்கு முன் 120 நாள். தேர்வு அட்டவணை வரும்போது விடுமுறையை ஒட்டிய நாட்களுக்கு நெல்லை, பாண்டியன், முத்துநகர் எக்ஸ்பிரஸ் எல்லாவற்றிலும் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே போன ஆண்டு தேர்வு முடிந்த நாளை வைத்து ஓர் உத்தேசத் தேதிக்கு, முன்பதிவு திறக்கும் அன்று காலை 8 மணிக்கே ஸ்லீப்பரில் எடுத்து வைப்பது நல்லது. அட்டவணை வந்ததும் பொருந்தாவிட்டால் உடனே ரத்து செய்யுங்கள். கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.

மதியத் தேர்வு முடிந்து அன்று மாலையே ரயில் என்று போடாதீர்கள். விடைத்தாள் கொடுத்து, அறைக்கு வந்து, சாவி ஒப்படைத்து, சென்னை நெரிசலில் எழும்பூர் போய்ச் சேர மூன்று மணி நேரமாவது வேண்டும். இன்னொன்று மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. தள்ளிப்போன தாள் பெரும்பாலும் அட்டவணையின் கடைசிக்குப் பிறகே வரும், அதாவது நீங்கள் ரயிலில் இருக்க வேண்டிய நாளில். முடிந்தால் கடைசித் தேர்வுக்கு மறுநாள் இரவுக்கு டிக்கெட் எடுங்கள். ஐஆர்சிடிசி-யில் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்ட டிக்கெட் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ஏற முடியாது. தட்கல் என்றால் முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். இணைப்பு வேலையை அந்த 11 மணிக்கு வைத்துக்கொள்ளாமல் இப்போதே முடியுங்கள்.

நோ டியூஸும் அறையும்

நோ டியூஸ் படிவத்தில் முதலில் நூலகத்துக்குப் போங்கள். தொலைந்த புத்தகம் இருந்தால் அதே பதிப்பை வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள், அது வந்துசேரவே ஒரு வாரம் ஆகும். அடுத்து லேப், பிறகு மெஸ், கடைசியில் வார்டன். மெஸ்ஸில் விடுப்பு நாட்களுக்குக் கழிவு உண்டென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

துணி துவைப்பதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மழை நாளில் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்ட ஜீன்ஸ் மூன்று நாளானாலும் இடுப்புப் பக்கம் ஈரமாகவே இருக்கும். அதை அப்படியே பையில் திணித்தால் ஊருக்குப் போவதற்குள் பை முழுவதும் முடை நாற்றம். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது கனத்த துணியைத் துவைத்துவிட்டு, மெல்லிய துணியோடு மீதி நாளை ஓட்டுங்கள்.

அறையில் விட்டுச் செல்லும் மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தரையிலோ சுவரை ஒட்டியோ இருந்தால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், பழைய கட்டடமென்றால் கரையானும் வரும். புத்தக அட்டைப்பெட்டியும் தரையில் வேண்டாம். ஊறுகாய், மிக்சர், பாதி பிரித்த பிஸ்கட் எதையும் அலமாரியில் விடாதீர்கள், எலிக்கு அது அழைப்பு. சான்றிதழ், பாஸ்புக், லேப்டாப் மூன்றும் உங்களோடு வர வேண்டும்.

ஜன்னலைத் தாழிட்டு, சார்ஜரைப் பிடுங்கி, விசிறியை அணைத்துவிட்டு, சுவர், கட்டில், சுவிட்ச் போர்டு எல்லாம் தெரியும்படி நான்கு போட்டோ எடுங்கள். திரும்பி வரும்போது உடைந்த கண்ணாடிக்கு அபராதம் கேட்டால் காட்டலாம். சாவியை வார்டனிடம் கொடுத்ததும் பதிவேட்டில் தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.