பழைய சக், புதிய லேத்

பாலை, முதிரை போன்ற வன்னிப் பகுதி மரங்களைக் கடைய பாரமான லேத்தே (கடைசல் இயந்திரமே) நல்லது. புதியதின் சுழல்தண்டுப் புரி எம்33×3.5 (33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. புரி இடைவெளி), மரத்தைக் கவ்விப் பிடிக்க கையிலிருந்த நாலு தாடைச் சக்கோ 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 புரி. இரண்டையும் இணைக்க அடாப்டர் போட்டதும் ஆட்டம்: அதை அளக்கும் டயல் கேஜில் 0.2 மி.மீ.

சக்கில் பிழையில்லை. சுழல்தண்டின் தோளில் (புரி முடியும் இடத்துத் தட்டை முகத்தில்) நீலமை பூசி அடாப்டரை இறுக்கிப் பார்த்தேன். அடாப்டரில் மை படவேயில்லை. தோள் முட்டமுதலே புரியின் அடியில் இறுகிவிடுகிறது. அடாப்டரின் வாய்ப்பக்கத்தில் ஒன்றரைப் புரியை இரும்பு லேத்தில் கடைந்து எடுப்பித்ததும் 0.03க்கு வந்தது. நேர் பிடிப்பது தோள்தான், புரி இழுத்துப் பிடிக்க மட்டுமே.

இரண்டு லேத்துகளின் கூம்புத் துளையும் மோர்ஸ் டேப்பர் 2 என்ற ஒரே அளவு என்பதால், மரத்தை முனையில் தாங்கும் பழைய சென்டர்கள் அப்படியே ஏறின. கருவித்தாங்கியின் 1 அங்குலக் காலுக்கு, 30 மி.மீ. துளையில் நீளவாக்கில் வெட்டிய பித்தளை உறை போதும்.

மறுபக்கம் சுழற்றுவதென்றால் அடாப்டரின் பூட்டுத்திருகை இறுக்காமல் ஓட்டவே வேண்டாம். சக் கழன்று பறக்கும்.